பாராதார்

விரலைத் திரையின் உச்சியில் வைத்துக் கீழே இழுத்துப் பிடித்திருக்கிறேன். மூச்சு விடவில்லை. மாவட்ட அலுவலகக் குழுவில் ஏதோ செய்தி வந்திருக்கிறது. அதன் முதல் மூன்று வரிகள் மட்டும் இறங்கிவந்து நிற்கின்றன. 'மதிப்பிற்குரிய கண்காணிப்பாளர்களுக்கு வணக்கம். பொருள்: பணியாளர் விருப்ப மாறுதல் தொடர்பாக. பார்வை: தலைமை அலுவலகக் கடிதம்...' அதற்குமேல் புள்ளிகள். விரல் கொஞ்சம் வழுக்கினாலும் செய்தி திறந்துவிடும். திறந்தால் நான் பார்த்தவன் ஆவேன். பார்த்தவன்தான் பதில் சொல்ல வேண்டியவன். விரலை மெல்ல மேலே தள்ளினேன். செய்தி வந்த வழியே போய்விட்டது. நான் எதையும் பார்க்கவில்லை.

அரசு அலுவலகங்களில் இப்படி ஓர் இனம் உருவாகியிருக்கிறது. பாராதார் என்று பெயர் வைத்திருக்கிறேன். வாட்ஸாப் வந்த புதிதில் நாங்கள் நடுங்கித்தான் போனோம். தபாலில் வரும் கடிதத்தை இன்னொருவர் மேசைக்குத் தள்ளிவிடலாம். இது சட்டைப்பைக்கே வந்துவிடுகிறது. போதாததற்கு, செய்தியைப் போட்டவர் அதை அழுத்திப் பிடித்தால் யார் யார் படித்தார்கள், யாருக்குப் போய்ச் சேர்ந்தும் படிக்கவில்லை என்று பிரித்துக் காட்டிவிடுகிறது. இப்படி ஒரு காட்டிக்கொடுக்கும் கருவியை அரசுப் பணியாளர் கையில் கொடுத்தவர் எவரோ, அவர் ஒரு நாள்கூட அரசு வேலை பார்த்திருக்க மாட்டார்.

ஆனால் பழகிக்கொண்டோம். பாராதார் காலையில் எழுந்ததும் பல் துலக்குமுன் இழுத்துப் பார்ப்பார், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இழுத்துப் பார்ப்பார், ஆய்வுக் கூட்டத்தில் மேசைக்கடியில் இழுத்துப் பார்ப்பார், எழவு வீட்டில் துண்டால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் இழுத்துப் பார்ப்பார், ஒரு நாளில் வந்த அத்தனை செய்தியின் தலைப்பகுதியும் அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். எதையும் திறந்திருக்க மாட்டார். பக்கத்து அலுவலக எட்வின் இன்னும் ஒரு படி மேல். தெரியாமல் திறந்துவிட்ட யாரையாவது பிடித்து, "செத்த நேரம் வாசிச்சுக் காட்டுங்க, நான் கண்ண மூடிக்கிடுதேன்" என்பார். காதால் கேட்பது எந்தக் கணக்கிலும் வராது.

எங்கள் அலுவலகம் ராஜபாளையத்தில் இருக்கிறது. நான் அங்கே கண்காணிப்பாளர். என்ன துறை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் யாராவது இதைக் குழுவில் போட்டுவிடுவார்கள். யாரும் திறக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அன்று பதினோரு மணி டீ வந்தபோது ஷமீமா என் மேசைக்கு வந்தார். இளநிலை உதவியாளர். பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி ஒரு மாதம்தான் ஆகிறது. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு தினமும் பஸ்ஸில் வருகிறார்.

"சார், வில்லிபுத்தூர் ஆபீஸ்ல ஒரு எடம் காலியா இருக்காம். பேரு கேட்டிருக்காகளாம். அந்த ஆபீஸ் எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் சார். மத்தியானம் ஓடிப்போயி பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு வந்துருவேன். பாட்டில்ல குடுத்தா துப்பிருதா. சாயங்காலம் நான் போறவரைக்கும் கத்திக்கிட்டே கெடக்கா."

இதைக் கேட்டு எனக்கு மனம் இளகியது. உண்மையாகவே இளகியது. இளகிய மனத்தோடு சொன்னேன்: "வாயால சொன்னா மறந்துருவேம்மா. ஆதாரமும் இருக்காது. மெசேஜ் போட்டுருங்க."

அவர் தன் இடத்துக்குப் போனார். எங்களுக்கு நடுவே இரண்டு மேசைகள். அங்கே அவர் தட்டச்சுவது தெரிந்தது. இங்கே என் போன் அதிர்ந்தது. இழுத்துப் பிடித்தேன். 'சார், ஸ்ரீவில்லிபுத்தூர் காலியிடத்துக்கு என் பெயரையும்...' விட்டுவிட்டேன். திறந்தால் இரண்டு டிக்கும் நீலமாகும். நீலமானால் இன்றே செய்ய வேண்டும். இன்றே செய்ய என்ன அவசரம்? மாறுதல் என்றால் வாரக்கணக்கில் இழுக்கும் என்பது என் சர்வீஸ் அனுபவம்.

அலுவலக உதவியாளர் பரிபூரணம் டம்ளரை எடுக்க வந்தார். "சார், அந்தப் பிள்ள காலையிலருந்து ஒங்களையே பாத்துக்கிட்டு இருக்கு. நீங்க போனையே பாக்கீக. அம்புட்டு நேரம் அதுல என்னதான் பாக்கீக?"

"ஒண்ணும் பாக்கலம்மா" என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு துல்லியமான பதிலை நான் சொன்னதில்லை.

நாலேகாலுக்கு ஷமீமா மறுபடியும் வந்தார். போனை என் முன் வைத்தார். சாத்தூரில் இருக்கும் தோழி மாவட்டக் குழுச் செய்தியை முழுசாகப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். அதன் கடைசி வரியை அப்போதுதான் நான் முதன்முதலாகப் படித்தேன். 'இன்று மாலை 4 மணிக்குள் இக்குழுவில் வராத பெயர்கள் பரிசீலிக்கப்படமாட்டா.'

அரசுச் செய்தியில் விஷயம் கடைசி வரியில்தான் இருக்கும். இது எனக்குத் தெரியாதா? நான் எழுதும் செய்திகளும் அப்படித்தான். ஆனால் இழுத்துப் படிக்கிறவனுக்குக் கடைசி வரி என்று ஒன்று கிடையாது.

"நான் இன்னும் மெசேஜையே பாக்கலையேம்மா" என்றேன்.

"தெரியும் சார். நான் போட்டது நீலமே ஆகல." போனைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "நீங்க இழுத்து இழுத்துப் பாத்ததத்தான் நான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். கோபம் இல்லை.

விருதுநகர் மாவட்ட அலுவலகத்தில் வைகுண்டராஜுக்குப் போன் போட்டேன். செய்தியைப் போட்டவன், பட்டியல் தயாரிப்பவன், இரண்டும் அவன்தான்.

"அண்ணாச்சி, நீங்க இன்னும் பாக்கலைன்னுதான் காட்டுது. பொழச்சீக. பாத்துட்டு சும்மா இருந்தவுகளுக்கு வெளக்கம் கேட்டு நோட்டீஸ் அடிச்சுக்கிட்டு இருக்கேன். பாக்காதவுகளுக்கு ஒண்ணும் கெடையாது. டவர் இல்லைன்னு எழுதிக்கிடுவோம்."

"ஒரு பேரு சேக்கணும்டே."

"குரூப்ல போடுங்க."

"போடணும்னா தொறக்கணும். தொறந்தா நான் பாத்ததாயிருமே?"

"ஆயிரும்லா."

"வாயால சொல்லுதேன், எழுதிக்கோயேன்."

"வாயால சொன்னதுக்கு என்ன அண்ணாச்சி ஆதாரம்? அஞ்சு மணிக்கு லிஸ்ட் மேல போகுது. அதுக்குள்ள போடுங்க, பாக்கேன்."

போனை வைத்தேன். ஒரு பக்கம் பிள்ளை. மறுபக்கம், கறையே படாத என் பத்து வருட வாட்ஸாப் வாழ்க்கை. நல்லவன் உடனே திறந்திருப்பான். நான் எழுந்துபோய் முகம் கழுவினேன். மலையடிவாரத்து ஐயனார் கோவில் பக்கம் ஆய்வுக்குப் போயிருந்தேன், அங்கே டவர் கிடையாது என்று ஒரு வாக்கியத்தை மனசுக்குள் அமைத்துப் பார்த்தேன். நன்றாகவே அமைந்தது. ஜன்னல் வழியே மலையைப் பார்த்தேன். திரும்பி வந்தபோது ஷமீமா பையை மூடிவிட்டு, பஸ்ஸுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார். ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது.

திறந்தேன்.

அதன் பிறகு என்ன செய்தேன் தெரியுமா? பழக்கம். 'மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். பொருள்: பணியாளர் விருப்ப மாறுதல் தொடர்பாக. பார்வை: தங்கள் குழுச் செய்தி. மேற்காணும் பொருள் சார்ந்து பணிந்து தெரிவித்துக்கொள்வது யாதெனில்...' என்று தொடங்கி, இலக்கணப்படி எழுதி, ஷமீமாவின் பெயரைக் கடைசி வரியில் வைத்து அனுப்பினேன்.

அனுப்பிவிட்டு அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். மாவட்டத்துக் கண்காணிப்பாளர்கள் வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். படிக்கத் தேவையே இல்லாதவர்கள் எல்லாரும் படித்தார்கள். எட்வின்கூடப் படித்துவிட்டார். வைகுண்டராஜுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவன் படிக்கவில்லை. ஐந்து அடித்தது. படிக்கவில்லை. போன் செய்தேன். எடுக்கவில்லை. விருதுநகரில் ஒரு விரல் திரையின் உச்சியிலிருந்து என் வணக்கத்தையும் பொருளையும் பார்வையையும் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு மேலே தள்ளியது எனக்குத் தெரியும். இந்தத் தொழிலில் அவனுக்கு நான்தான் மூத்தவன்.

நீங்கள் அரசு வேலையில் இல்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். நல்லது. இதை வாசிக்கும்போதே உங்கள் போன் ஒருமுறை அதிர்ந்தது. இழுத்துப் பார்த்தீர்கள். உங்கள் தங்கையோ, பழைய சிநேகிதரோ, யாரோ ஒருவர். பிறகு திறந்துகொள்ளலாம் என்று மேலே தள்ளிவிட்டு இங்கே வந்தீர்கள். அந்தச் செய்தியின் கடைசி வரியில் என்ன இருந்தது?

மறுநாள் காலை பட்டியல் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் இடம் அருப்புக்கோட்டைக்காரர் ஒருவருக்குப் போயிருந்தது. ஷமீமா வழக்கமான பஸ்ஸில் வந்து பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டார். மதியம் அவர் கணவர் ஆபித் பிள்ளையை டூவீலரில் கொண்டுவந்தார். நல்ல வெயில். ரெக்கார்டு அறையைத் திறந்துவிடச் சொன்னேன். பரிபூரணம் உள்ளே ஒரு நாற்காலி போட்டுக் கதவைச் சாத்தினார். அரை மணி நேரத்தில் ஆபித்தும் பிள்ளையும் திரும்பிப் போனார்கள். மூன்று மணிக்கு எனக்கு நோட்டீஸ் வந்தது. பார்த்தும் உரிய நேரத்தில் பெயர் அனுப்பாததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.