தோளில் வந்தவர்

ஏந்தல் நாட்டைத் தேசப்படத்தில் தேட வேண்டாம், கிடைக்காது. அந்த நாட்டில் வாக்குச்சீட்டும் இல்லை, பெட்டியும் இல்லை. மக்கள் தோளால் ஓட்டுப் போட்டார்கள். தேர்தல் நாளன்று வேட்பாளர்கள் ஆளுக்கொரு பல்லக்கில் ஏறி ஊர் மைதானத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பிடித்தவரின் பல்லக்குக்கு ஜனங்கள் தோள் கொடுப்பார்கள். தொகுதியிலிருந்து மக்கள் தோளில் ஏறி, மலையைத் தாண்டி, தலைநகரத்துச் சபை வாசலுக்கு யார் முதலில் வருகிறாரோ அவரே உறுப்பினர். தேர்தல் சட்டம் மொத்தமே இந்த ஒரு வரிதான்.

கீழ்மூங்கிலாறு தொகுதியிலிருந்து ஏழு முறை அப்படிப் போனவர் திருமேனிநாதர். அவருடைய பல்லக்கின் கொடி நான்கு தடவை நிறம் மாறியது; உள்ளே இருந்தவர் மாறவில்லை. முதல் தேர்தலில் மூங்கில் பல்லக்கில் ஒல்லியாக, ஒற்றை ஆளாக வந்து, “மலைக்கு ரோடு போட்டுத் தருகிறேன்” என்றார். அடுத்த தேர்தலில் மனைவியும் ஏறிக்கொண்டார். பிறகு மகன், அப்புறம் மருமகன். ஏழாவது முறை அவருடைய சிலையும் கூடவே வந்தது. எதிர்த்து நிற்பவர்களின் பல்லக்குத் தண்டுகள் முந்தின நாளே எப்படியோ ஒடிந்துபோகும். விசாரணைக் குழு ஆராய்ந்து, குற்றம் கறையானுடையது என்று அறிக்கை கொடுக்கும்.

சிலம்பாயி அந்தப் பல்லக்கின் முன்தண்டைப் பிடிப்பவள். முன்பு அதைப் பிடித்த அவள் கணவன் மலைப்பாதையின் சறுக்குப்பாறையில் விழுந்து தோள் விலகிப் படுத்த பிறகு, அந்த இடத்துக்கு அவள் வந்தாள். ஆஸ்பத்திரி தலைநகரத்தில் இருந்தது. ரோடு வந்துவிட்டால் ஊருக்கு விடிவு என்று எல்லோரையும் போல அவளும் நம்பித்தான் தூக்கினாள்.

ரோடு வரவில்லை. ஊரார் கேட்டபோது, தேர்தலை நடத்தும் தோள் ஆணையர் நேரில் வந்து விளக்கினார். “சாலை போட்டால் வண்டி வரும். வண்டி வந்தால் தோள்கள் வலுவிழக்கும். தோள் வலுவிழந்தால் தேர்தல் ஏது? ஆகவே சாலை மக்களாட்சிக்கு விரோதமானது.” அடுத்து தோள் தூய்மைச் சட்டம் வந்தது. உறுப்பினரைச் சுமக்கும் தோள் விறகையோ மூட்டையையோ நோயாளியையோ சுமக்கக் கூடாது, மீறினால் சிறை.

சட்டம் வந்த வருஷம் சிலம்பாயியின் மூத்த மகள் அஞ்சலைக்குப் பிரசவ வலி எடுத்தது. தூக்கிக்கொண்டு போக யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அஞ்சலை மலையேறி நடந்தாள். சறுக்குப்பாறையோடு அவள் நடை நின்றது. திருமேனிநாதர் ஆழ்ந்த இரங்கல் தெரிவித்து, அந்தப் பாதைக்குத் தம் தாயாரின் பெயரைச் சூட்டினார். சிலம்பாயிக்கு அன்று வந்த கோபம் அப்புறம் ஆறவே இல்லை.

எட்டாவது தேர்தல் நாள் காலையில் இளையவள் செங்கமலத்துக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “புள்ள குறுக்கே கெடக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் ரெண்டு உசுரும் தப்பும்” என்றாள். சிலம்பாயி நேரே மைதானத்துக்குப் போனாள். திருமேனிநாதர் குடும்பத்தோடும் சிலையோடும் பல்லக்கில் தயாராக இருந்தார்.

“ஐயா, கொஞ்சம் எறங்குங்க.”

“என்னம்மா சிலம்பாயி, தூக்கலையா? நேரமாகுதே.”

“தூக்கத்தான் வந்தேன். எம்மவளத் தூக்கணும். பல்லக்கு வேணும்.”

அவர் வழக்கமான புன்னகையைச் சிந்தினார். “இந்தத் தடவ ஜெயிச்சதும் மொதக் கையெழுத்தே உங்க ரோட்டுக்குத்தாம்மா.”

“பெரியவ சாவுக்கு வந்தப்பவும் இதத்தான் சொன்னீங்க. எறங்குங்க.”

தோள் ஆணையர் குறுக்கே வந்தார். “தோள் தூய்மைச் சட்டப்படி நீங்கள் அனைவரும் சிறைக்குச் செல்ல நேரிடும்.”

“செறையும் மலைக்கு அந்தப் பக்கந்தானுங்களே இருக்கு? எப்படியும் அங்க வரைக்கும் வரணும்ல” என்றாள் சிலம்பாயி.

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் பயம் தெளிந்தது. சுமப்பவர்கள் முதலில் சிலையை இறக்கினார்கள். பிறகு மருமகனை, மகனை, அம்மையாரை. கடைசியாகத் திருமேனிநாதரை, மரியாதையாகத்தான், கையைப் பிடித்து இறக்கிவிட்டார்கள். அவர் காலில் செருப்பு இல்லை. அதுவரை தேவைப்பட்டதில்லை.

செங்கமலத்தை ஏற்றிக்கொண்டு பல்லக்கு மலையேறியது. சறுக்குப்பாறையில், அஞ்சலை விழுந்த இடத்தில், சிலம்பாயி நின்றுவிட்டாள். “நிக்காதம்மா, போ” என்றாள் செங்கமலம் உள்ளேயிருந்து. சிலம்பாயி பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

ஆஸ்பத்திரி சபைக்குப் பின்னால் இருந்தது. சாதாரண ஜனங்கள் சபைக் கோட்டையைச் சுற்றித்தான் அங்கே போக வேண்டும். ஆனால் வாசல் காவலர் பல்லக்கைக் கண்டதும் பழக்க தோஷத்தில், “கீழ்மூங்கிலாறு உறுப்பினர் வருகிறார்” என்று முழங்கினார். கதவுகள் திறந்தன. உறுப்பினர்கள் எழுந்து மேசையைத் தட்டினார்கள். சபாநாயகர் மாலையோடு வந்து திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, சட்ட அறிஞர்களைக் கூப்பிட்டார். அவர்கள் அந்த ஒரு வரியைத் திருப்பித் திருப்பிப் படித்தார்கள். எப்படிப் படித்தாலும் மக்கள் தோளில் வந்தவர் செங்கமலம்தான்.

சபாநாயகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “மாண்புமிகு உறுப்பினர் அவர்கள் இப்போது பதவியேற்க வேண்டும்.”

“மொதல்ல பெத்துக்கட்டும்ங்க. பின்வாசலத் தெறக்கச் சொல்லுங்க” என்றாள் சிலம்பாயி. திறந்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

கைக்குழந்தையோடு சபைக்கு வந்த செங்கமலம் முதல் தீர்மானமாக ரோடு கேட்டாள். சபாநாயகர் திகைத்துப்போனார். “சாலை வந்துவிட்டால் அடுத்த தேர்தலை எப்படி வைப்பது?”

“ஓட்டு வேணுங்கறவங்க நடந்து வரட்டும்ங்க. எங்க ஊரு எப்படி இருக்குன்னு அவங்க காலுக்கும் தெரியட்டும்.”

இப்போது மலையில் கல் உடைக்கிறார்கள். திருமேனிநாதர் சபையில் முறையிட, பல்லக்கிலிருந்து இறக்கிவிட்ட அன்றைக்கே கிளம்பினார். இன்னும் போய்ச் சேரவில்லை. ஏழு முறை கடந்த மலையில் எந்தப் பக்கம் இறங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. போகிற வருகிறவர்களை நிறுத்திக் கேட்கிறார். ஊரார் நின்று, நல்ல விதமாக வழி சொல்கிறார்கள். தோள் மட்டும் யாரும் கொடுப்பதில்லை.