நான் அவித்த அட்டிகை

வீட்டில் முதல் ஆளாகப் படித்தவனுக்கு ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அவன் சொல்வதை எல்லோரும் நம்பிவிடுவார்கள். என் வீட்டில் யாராவது ஒரே ஒரு தடவை "உனக்கு என்னடா தெரியும்?" என்று கேட்டிருந்தால், எங்கள் அக்காவின் கல்யாணம் அந்தப் பாடு பட்டிருக்காது. யாரும் கேட்கவில்லை.

கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அய்யாவுக்குத் திராட்சைப் பந்தலில் வேலை. அம்மா விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, மலைக்கு மேலே ஏலக்காட்டு வேலைக்குப் போய்விடுவாள். செல்வி அக்கா எட்டாம் வகுப்போடு நின்றுகொண்டு என்னைப் படிக்கவிட்டாள். நான் உத்தமபாளையத்தில் பி.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் வருடம். மருந்துப் புட்டியில் என்ன எழுதியிருக்கிறது, பஸ் எந்த ஊருக்குப் போகிறது, எல்லாவற்றுக்கும் நான்தான். (டிவியில் படம் ஆடினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டுவேன். படம் நின்றுவிடும். அதையும் என் படிப்பின் பலன் என்றே நினைத்தார்கள்.)

அக்காவுக்கு மயிலாடும்பாறையில் மாப்பிள்ளை அமைந்தது. பரிசம் போட வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா, பேச்சியம்மா அத்தை, தன் கழுத்தில் கிடந்த அட்டிகையைக் கழற்றி அக்கா கழுத்தில் போட்டார். சுற்றிலும் சிவப்புக் கல், நடுவில் ஒரு வெள்ளைக் கல். அவருடைய மாமியார் அவருக்குப் போட்டது.

"தாலி கட்டையில இது கழுத்துல கெடக்கணும்த்தா" என்றார். அவ்வளவுதான். அத்தை அதிகம் பேச மாட்டார். பேசி முடித்ததும் பீரோவைப் பூட்டுவதுபோல வாயை இறுக்கிக்கொள்வார். கல்யாணம் முடியும்வரை பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கமாம். எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினார். அவர் போகும்வரை நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டேன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருந்தபோது அக்கா அட்டிகையை எடுத்துப் பார்த்தாள். இரண்டு தலைமுறையின் சந்தனமும் குங்குமமும் வியர்வையும் கல்லுக்குக் கல் அப்பியிருந்தன.

"பூந்திக்கொட்டைய ஊறவச்சு, அந்த நுரையில துணிய நனைச்சுத் தொடச்சாப் போதும்" என்றாள்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.

"மேலாகத் தொடச்சா மேலாகத்தான்க்கா போகும். உள்ளுக்குள்ள இருக்கிற அழுக்குக்கு வேதியியல் வேணும்."

"கம்பத்துக் கடையில குடுத்துப் பாலீஷ் போட்டா என்ன?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

அய்யாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வீட்டுலயே படிச்ச புள்ளய வச்சுக்கிட்டு, ஊரான்கிட்டயா குடுக்கிறது?"

தீர்ப்பு ஆகிவிட்டது.

மறுநாள் அம்மாவும் அய்யாவும் வேலைக்குப் போனபிறகு, இட்லிச் சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒரு கை சலவைச் சோடாவை அள்ளிப் போட்டு, அட்டிகையை உள்ளே இறக்கினேன். கண்மூடித்தனமாகச் செய்யவில்லை, யோசித்துத்தான் செய்தேன். தங்கம் எதனோடும் வம்புக்குப் போகாத உலோகம். சோடா அதை ஒன்றும் செய்யாது. இது முற்றிலும் சரி. அந்தத் தங்கத்துக்கு இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கல்லைத் தங்கத்தோடு பிடித்து வைத்திருப்பது எது என்று நான் யோசிக்கவில்லை. பழைய கல் நகைகளில் கல்லுக்கு அடியில் அரக்கு வைத்திருப்பார்கள். அரக்கு சூட்டில் இளகும். சோடாத் தண்ணீரில் கரையும். (இரண்டும் என் பாடத்தில் இருந்தவை. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.)

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு வந்தது.

"அக்கா, இங்கன வந்து பாரு! எம்புட்டு அழுக்கு போகுது!"

அக்கா எட்டிப் பார்த்தாள். "ஏண்டா, இம்புட்டு அழுக்கா இருந்துச்சு?"

"எல்லாம் உங்க மாமியாரோட மாமியார் அழுக்கு" என்றேன். அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிய நகைச்சுவையாகத் தெரிந்தது.

இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று விறகைத் தள்ளிவிட்டேன். பிறகு பழைய பல் தேய்க்கும் பிரஷ் ஒன்றை எடுத்து, சட்டிக்குள்ளேயே வைத்து நன்றாகத் தேய்த்தேன். கடைசியில் அட்டிகையைக் கரண்டியால் தூக்கித் தட்டில் வைத்துவிட்டு, "அழுக்குத் தண்ணி"யைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் ஓங்கி வீசினேன். ஒரு கடமையை முடித்த நிம்மதியோடு உள்ளே வந்து தட்டைப் பார்த்தேன்.

தங்கம் பளபளவென்று இருந்தது. கல்லைத்தான் காணவில்லை. நடுவில் அந்த வெள்ளைக் கல்லும் ஓரத்தில் நாலைந்து சிவப்பும் ஒட்டிக்கொண்டிருக்க, மற்ற இடமெல்லாம் வெறும் குழி. பல் போன வாய் என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது.

அக்கா அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, "தண்ணிய எங்கனடா ஊத்துன?" என்று கேட்டுக்கொண்டே கொல்லைக்கு ஓடினாள்.

அங்கே மூன்று கோழிகள் நின்றிருந்தன. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கறிச்சோறு போட அம்மா ஆசையாக வளர்த்தவை. ஈரமண்ணில் மினுமினுவென்று சிவப்பாகச் சிதறிக் கிடந்ததை, சோளத்தைக் கண்டதுபோல மூன்றும் போட்டிபோட்டுக் கொத்திக்கொண்டிருந்தன.

நான் விரட்டியதில் அவை பயந்து, கிடைத்ததை இன்னும் வேகமாக விழுங்கின. அக்கா மண்ணை அள்ளிச் சொளகில் போட்டுப் புடைத்தாள். கொஞ்சம் கிடைத்தது. குழியை எண்ணிப் பார்த்தோம், கல்லை எண்ணிப் பார்த்தோம். எத்தனை தடவை எண்ணினாலும் ஏழு குறைந்தது.

"எந்தக் கோழிடா தின்னுச்சு?"

"மூணும் நின்னுச்சுக்கா."

அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கோழிகளைப் பிடித்துக் கூடையில் கவிழ்த்துவிட்டு, கூடைமேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள். பிறகு என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். எனக்கும் ஒரு கூடை இருந்தால் கவிழ்த்திருப்பாள்.

சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கிய அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பரிசம் போட்ட நகையில கல்லு உதுந்தா விளங்குமா? அடப் பாவி, அத ஏண்டா அவிச்ச? அது என்ன மரவள்ளிக் கெழங்கா?"

அய்யா திட்டவில்லை. வெறும் அட்டிகையைக் கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "படிச்ச புள்ள செஞ்சிருக்கு. ஏதாச்சும் காரணம் இருக்கும்" என்றார். அப்போதும் என்னை நம்பினார். அன்றைக்கு வாங்கிய அடிகளில் அதுதான் பலமான அடி. நான் மாட்டுக் கொட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். கல்யாணம் நின்றுவிடும், அக்கா என்னால் வீட்டோடு இருந்துவிடுவாள், எனக்காகப் படிப்பை விட்டவளுக்கு என் படிப்பு செய்த கைம்மாறு இது என்று நினைத்தபடியே வைக்கோலைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். மாடு என் தோளை நக்கியது. அதற்கு விஷயம் தெரியாது.

"கம்பத்துல குடுத்து வேற கல்லப் பதிச்சிருவோம். யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் அம்மா.

"எனக்குத் தெரியும்ல? அவுகளுக்குத் தெரியாம நாங் கழுத்துல போட மாட்டேன்" என்று அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் போட்டுப் பேசும் போன் இருந்தது. சில்லறையைக் கையில் பிடித்தபடி நான் பக்கத்தில் நின்றேன். எதிர்ப்பக்கம் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. அக்கா பேசியது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

"அத்தை, நாந்தேன் செல்வி. எந்தம்பி அட்டிகைய அவிச்சுப்புட்டான்... ஆமா, அவிச்சுத்தேன்... கல்லு உதுந்துபோச்சு. மிச்சத்தக் கோழி தின்னுருச்சு... இல்லத்தை, குடிக்கிறவன் இல்ல. படிக்கிறவன்."

போனை வைத்தாள்.

"என்னக்கா சொன்னாக?"

"நாளைக்கு வாறேன்னாக."

அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. கூடைக்குள் கோழிகள் மட்டும் நிம்மதியாகத் தூங்கின.

மறுநாள் காலை அத்தை தனியாக வந்து இறங்கினார். அய்யா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். அம்மா நீட்டிய தண்ணீர்ச் செம்பை அத்தை வாங்கவில்லை. பரிசத்தைத் திருப்பிக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

"எங்க அந்தக் கோழிக?" என்றார்.

அக்கா கூடையைக் காட்டினாள்.

"அருவாமனைய எடுத்துட்டு வாத்தா."

அத்தை சேலையைச் செருகிக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக அறுத்து, இரைப்பையைப் பிளந்து, தண்ணீரில் அலசி, சிவப்பாகத் தெரிந்ததையெல்லாம் பொறுக்கித் தட்டில் போட்டார். நாங்கள் நாலு பேரும் சுற்றி நின்றோம். மூன்று கோழியும் முடிந்தபோது தட்டில் ஆறு கல் இருந்தது. அத்தை ஒன்றை எடுத்து முந்தானையில் துடைத்து வெயிலில் பிடித்தார்.

"ஏலே, இங்கன வா."

போனேன்.

"இந்தா பாரு. ஒன் சோடாவ விடக் கோழி வயிறு நல்லா வெளக்கியிருக்கு."

யாரும் சிரிக்கத் துணியவில்லை. முதலில் அவர் தோள்தான் குலுங்கியது. பிறகு அக்கா. அம்மா சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. அய்யா மட்டும், "நான் அப்பவே சொன்னேன், ஏதாச்சும் காரணம் இருக்கும்னு" என்றார்.

"நெசத்தச் சொல்லுற மருமவ கெடச்சிருக்கா. கல்லு கெடக்கட்டும்" என்று அத்தை எழுந்தார். "அறுத்த கோழிய என்ன செய்யப் போறீக? கொழம்பு வைங்க." கல்யாணத்துக்கு முன்னால் கை நனைக்க மாட்டேன் என்றவர், அன்று எங்கள் வீட்டில் உட்கார்ந்து இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

கம்பத்தில் ஆசாரியிடம் கொடுத்துக் கற்களைத் திரும்பப் பதித்தோம். காணாமல் போன ஏழாவதுக்கு அதே நிறம் கிடைக்கவில்லை. கொஞ்சம் வெளுத்த கல் ஒன்றுதான் கிடைத்தது. அக்கா அதோடுதான் தாலி கட்டிக்கொண்டாள். அந்த வீட்டில் அந்தக் கல்லுக்கு "ஈஸ்வரன் கல்லு" என்று என் பெயரையே வைத்துவிட்டார்கள். அவர்கள் வீட்டில் கோழிக் குழம்பு என்றால் மச்சான் தவறாமல், "பாத்துக் கடிங்க மாப்ள, பல்லு போயிரும்" என்பார்.

கல் பதித்த நகையைத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது; ஈரத்துணியால் தொட்டுத் தொட்டுத் துடைத்து, உடனே காயவைக்க வேண்டும்; முத்துக்கு வெறும் துணியே போதும்; சூடும் சோடாவும் ஆகவே ஆகாது. இதெல்லாம் எனக்கு இன்று நன்றாகத் தெரியும். என்னிடம்தான் யாரும் கேட்பதில்லை.

போன வருடம் அக்கா மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் என்ற முறையில் கம்மல் வாங்கிக்கொண்டு போனேன். கல் இல்லாத, அரக்கு இல்லாத, எத்தனை நாள் அவித்தாலும் ஒன்றும் ஆகாத, வெறும் தங்கமாகப் பார்த்துத்தான் வாங்கியிருந்தேன். கோயில் வாசலிலேயே பேச்சியம்மா அத்தை டப்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பந்தலில் அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் உரக்கச் சொன்னார்:

"புள்ளய மாமன் மடியில வைங்க. கம்மல மட்டும் அவன் கையில குடுத்துறாதீக."

நான் இரண்டு கைகளாலும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டேன். வேறு எதையும் பிடிக்க எனக்கு அனுமதி இல்லை.