உயர்மட்டப் பாத்திக் குழு

தடதடவென்று ஒரு பெருஞ்சத்தம். எங்கள் குடியிருப்பின் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. மேல் மாடியில் ஒரு குழந்தை வீரிட்டது. இடி விழுந்துவிட்டதாகப் பலர் நினைத்தார்கள். அது இடியல்ல, வரலாறு. லாரியிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது.

மரப்பலகை, செங்கல், சிமெண்ட் கல், தகரம், பிளாஸ்டிக் என்று வகைக்குக் கொஞ்சமாக இறங்கிய மாதிரிப் பொருள்களைச் சுற்றி மூன்று பேர் நின்றோம். 'உயர்மட்டப் பாத்திப் பொருள் தேர்வுக் குழு' என்று எங்களை உலகம் அறியும். உலகம் என்றால், எங்கள் நோட்டீஸ் போர்டு. தலைவர், பல் டாக்டர். பொருளாளர், ஆடிட்டர். செயலாளர், அடியேன். ஒரு தோட்டப் பாத்திக்காக இவ்வளவு சிந்தித்தவர்கள் மனித குலத்தில் வேறு யாரும் கிடையாது என்பதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

குழு பிறக்கக் காரணம் தரைத்தளத்துத் தையல்காரம்மா. பின்பக்கம் வெயில் விழும் மூலையில் கத்திரியும் தக்காளியும் போட்டு எல்லா வீட்டுக்கும் கொடுத்துவந்தவர். முதுகில் ஆபரேஷன் ஆனபிறகு, இனிமேல் குனியவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

“என் இடுப்பு உயரத்துக்குப் பெட்டி மாதிரி கட்டி, மண்ணு நிரப்பிக் குடுங்க தம்பி. நின்னுக்கிட்டே பாத்துக்குவேன். எதுல கட்டினாலும் சரி. நாத்து ரெடியா இருக்கு.”

எதில் கட்டினாலும் சரியாம். என்ன பொறுப்பற்ற பேச்சு. தலைவரின் முகம் சிவந்துவிட்டது.

“எதுலங்கறதுதாம்மா கேள்வியே,” என்றார்.

முதல் அமர்வில் மரம் விசாரிக்கப்பட்டது.

“மட்கிப் போகும்,” என்றார் ஆடிட்டர்.

“மருந்து அடிச்ச மரம் கிடைக்குதே,” என்றேன்.

“அந்த மருந்து மண்ணுல இறங்கும். மண்ணுலேருந்து கத்திரிக்காய்க்கு. கத்திரிக்காய்லேருந்து உங்க பல்லுக்கு,” என்றார் தலைவர். அதற்குக் கீழே அவர் போகவில்லை. அவருடைய துறை அதோடு முடிகிறது.

தகரத்தை ஆடிட்டர் நண்பகலில் தொட்டுப் பார்த்து, விரலை ஊதிக்கொண்டே நிராகரித்தார். பிளாஸ்டிக்கை நான் உதைத்துப் பார்த்தேன். விரிசல் விட்டது. சிமெண்ட் கல் எல்லாச் சோதனையிலும் தேறியது.

“ஆனா கக்கூஸ் சுவர் மாதிரி இருக்கே. வர்றவங்க என்ன நினைப்பாங்க?” என்றார் தலைவர். 'அழகியல் காரணங்களை முன்னிட்டு' சிமெண்ட் கல் திருப்பி அனுப்பப்பட்டது.

செங்கல் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. இடுப்பு உயரம் என்றால் மண் சுவரைத் தள்ளும், அஸ்திவாரம் வேண்டும் என்று பேச்சு வந்தது.

“அப்போ முட்டி உயரம் வச்சுக்கலாமா?” என்று கேட்டேன்.

தலைவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “உயரம்கறது ஒரு விவரம், செயலாளரே. பொருள்தான் கொள்கை.”

இதை நான் போர்டில் எழுதிப் போட்டேன். செங்கலும் திருப்பி அனுப்பப்பட்டது.

இதற்கிடையில் தையல்காரம்மா என்னைப் படியில் மறித்தார். உடைந்த டீக் கோப்பைகளில் வளர்த்த நாற்றுகள் அவருடைய தையல் மிஷினை மறைக்கும் அளவுக்கு வந்துவிட்டனவாம்.

“தக்காளி பூ விட்டுடுச்சு தம்பி. இனியும் கோப்பையில வச்சிருந்தா வேர் சுருண்டு செத்துடும்.”

“கொஞ்சம் பொறுங்கம்மா. அவசரப்பட்டா தப்பான பொருள் அமைஞ்சுடும்.”

வீட்டுக்கு வந்தால் என் மனைவி, “அந்தம்மா கேட்டது ஒரு பெட்டி. நீங்க மூணு பேரும் என்ன கோட்டையா கட்டப்போறீங்க?” என்றாள்.

கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் பெரிய கண்டுபிடிப்புகள் இப்படித்தான் நிகழ்கின்றன. மறுநாளே 'கோட்டை' என்ற சொல்லைக் குழுவின் முன்வைத்தேன்.

“கோட்டையை எதுல கட்டுவாங்க?” என்றார் தலைவர்.

“கருங்கல்லுல,” என்றார் ஆடிட்டர்.

மூவரும் எழுந்து நின்றுவிட்டோம். பாலிஷ் போட்ட கருங்கல். மட்காது, துருப்பிடிக்காது, விரிசல் விடாது. பார்த்தால் பத்து பேர் விசாரிப்பார்கள்.

“நம்ம நிதிக்கு எவ்வளவு உயரம் வரும்?” என்றேன்.

ஆடிட்டர் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். “திறப்பு விழாக் கல்வெட்டுக்கு ஒதுக்கினது போக...” என்று இழுத்து, கட்டைவிரலை மடக்கி மற்ற விரல்களைப் படுக்கவைத்துக் காட்டினார். நான்கு விரற்கடை.

“தரையை விட உசரந்தானே?” என்றார் தலைவர். “அப்போ அது உயர்மட்டப் பாத்திதான்.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

திறப்பு விழா நாளன்று பாத்தி கண்ணைப் பறித்தது. அந்தப் பளபளப்பில் தன் முகத்தைப் பார்க்க ஆடிட்டர் சிரமப்பட்டுக் குனியப் போய், பாதியில் நிமிர்ந்துகொண்டார். பக்கத்திலேயே கல்வெட்டு. எங்கள் மூவர் பெயரும் பொன் எழுத்தில். அதைத் தரையோடு பதிக்கலாம் என்று கொத்தனார் சொன்னபோது தலைவர் ஒப்பவில்லை.

“யாரு குனிஞ்சு படிப்பா? நின்னுக்கிட்டே படிக்கணும்.” அதனால் அகலமான கருங்கல் பீடம் கட்டி, அதன் நெற்றியில் பெயர்களைப் பொறித்தோம்.

ரிப்பன் வெட்டப்பட்டது. கைதட்டல் ஓய்ந்தது. தையல்காரம்மா ஒரு கையில் ஊன்றுகோலும் மறுகையில் தக்காளிக் கோப்பையுமாக வந்தார். கணுக்கால் பக்கத்தில் மின்னிய பாத்தியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். நாங்கள் மூவரும் வானத்தைப் பார்த்தோம்.

அவர் மெல்ல நடந்து கல்வெட்டிடம் போனார். முதுகு வளையாமல் கோப்பையைப் பீடத்தின் மேல் வைத்தார். பழுத்த இலை ஒன்றைக் கிள்ளி எறிந்தார். தழை சரிந்து தலைவரின் பெயரை மறைத்தது.

“நான் கேட்டது இந்த உயரந்தான் தம்பி,” என்றார்.