பாகை சேரும் ஒரு சுழல் கதிரையும்

கொழும்பில் நேராக நிற்கிற மனிதர் ஒருவர்கூட இல்லை என்று ஆதாரத்தோடு நம்பிய ஒரே ஆள், எதையும் பாகையில் அளப்பதால் நாங்கள் பாகை சேர் என்று கூப்பிட்ட மனிதர். ஆதாரம் அவருடைய போனில் இருந்தது.

போனில் ஒரு மென்பொருள். வேலை செய்கிற ஒருவரை வீடியோ எடுத்தால், அது அவருடைய உடம்பின் மேல் தீக்குச்சி மனிதனைப் போலக் கோடுகள் கீறும். முதுகு எத்தனை பாகை வளைகிறது, கழுத்து எத்தனை பாகை குனிகிறது என்று கணக்குப் பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் சொல்லும். பச்சை என்றால் பயமில்லை. சிவப்பென்றால் இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு இடுப்புப் போகும். பாகை சேர் அந்த நிறங்களை நம்பிய அளவுக்கு எங்கள் தெருவில் யாரும் சாதகத்தைக்கூட நம்பியதில்லை.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு, வேலைத்தளத்தில் போடுகிற மஞ்சள் அங்கியைப் போட்டபடியே பஸ்ஸில் வருவார். வீதி திருத்துகிற ஆள் என்று நினைத்து சனங்கள் அவரிடம் குழிகளைப் பற்றி முறையிடுவார்கள். பொறுமையாகக் கேட்பார். இறங்கும்போது, முறையிட்டவரின் தோள் எத்தனை பாகை சரிந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்குவார்.

வெள்ளவத்தைக் காலி வீதியில் ஒரு கொத்துரொட்டிக் கடையில் சாப்பிடப் போனவர், கொத்துகிறவரின் மணிக்கட்டைப் படமெடுத்து, சிவப்பைக் காட்டி, கையை மெதுவாக ஆட்டும்படி புத்தி சொன்னார். அந்த மனிதர் தகடுகளைக் கீழே வைக்கவேயில்லை. "மெதுவா ஆட்டினா அது கொத்து இல்ல சேர். வெறும் ரொட்டி."

கோயிலையும் விட்டுவைக்கவில்லை. தீபம் காட்டும்போது ஐயரின் தோள் ஆபத்தான உயரத்துக்குப் போகிறது என்று ஐயரிடமே போய்ச் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் சாமியைக் கீழே இறக்கச் சொல்கிறீரோ என்று ஐயர் கேட்டாராம். பாகை சேர் கொஞ்சம் யோசித்தாராம். "ஒரு சாண் இறக்கினால் காணும், ஐயா."

இப்பேர்ப்பட்டவரைத்தான் கொட்டாஞ்சேனையில் இருக்கிற எங்கள் மிளகுக் கொம்பனி வரவழைத்தது. வெளிநாட்டில் எங்கள் மிளகை வாங்குகிறவர்கள், தொழிலாளரின் உடம்புக்கு என்ன ஆபத்து என்று கையெழுத்திட்ட அறிக்கை கேட்டிருந்தார்கள். கொம்பியூட்டர் தெரிந்தவள் என்பதால் நான் அவருக்கு உதவி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான், பட்டமும் எடுத்தவள். அதை அடக்கமாகச் சொல்ல எனக்கு யாரும் பழக்கவில்லை. தீக்குச்சி மனிதர்களைப் பார்த்துப் பூரிக்கிற ஒருவருக்குப் பின்னால் போன் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு திரிவதற்கா நான் படித்தேன் என்று தினமும் பொருமினேன்.

ஆனால் அந்த அறிக்கை எனக்கும் தேவைப்பட்டது. என் அப்பா அதே கொம்பனியில் மூட்டை தூக்குகிறவர். லொறியில் வருகிற மிளகு மூட்டையை முதுகில் ஏற்றி, இருபத்திரண்டு மரப்படி ஏறி, மேல்மாடிக் களஞ்சியத்தில் அடுக்க வேண்டும். அப்பாவும் இன்னும் ஐந்து பேரும். இரண்டு வருடமாக அப்பாவின் முழங்கால் படிகளைவிட அதிகமாகச் சத்தம் போட்டது. தைலம் பூசி மறைத்து வந்தார்; வலி என்று வாய் திறந்தவர்களுக்கு மறுநாள் வேலை இருப்பதில்லை. அறிக்கையில் அந்தப் படிக்குச் சிவப்பு விழுந்தால் மூட்டை ஏற்ற லிஃப்ட் பொருத்த வேண்டும் என்பது வாங்குகிறவர்களின் நிபந்தனை. அப்பாவுக்குச் சிவப்பு வர வேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்த மகள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்பா மூட்டையோடு ஏறினார். பாகை சேர் படமெடுத்தார். திரையில் நிறம் ஒன்றும் வரவில்லை. ஆளைக் காணவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் வந்தது.

தலையையும் தோளையும் மூட்டை மூடிவிட்டதால் மென்பொருளுக்கு அங்கே மனிதர் தெரியவில்லை. மூட்டைக்கு இரண்டு கால் முளைத்து அதுவே படியேறுவதாக நினைத்துவிட்டது. ஆறு பேரையும் எடுத்தார். ஆறு தடவையும் ஆளைக் காணவில்லை. விஷயத்தை நான் சொன்னதும் அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"இருவத்தஞ்சு வருசமா மொதலாளியும் அதத்தானே புள்ள சொல்றாரு. இந்த மிஷினுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

தலையைக் கொஞ்சம் வெளியே நீட்டி ஏற முடியுமா என்று பாகை சேர் பணிவாகக் கேட்டுப் பார்த்தார். தலையை நீட்டினால் மூட்டை லொறிக்கே திரும்பிப் போகும் என்று அப்பாவும் பணிவாகச் சொன்னார்.

ஆள் இல்லாத இடத்தில் ஆபத்தும் இல்லை. அறிக்கையில் அந்தப் படிக்குச் சைபர் விழுந்தது. முழுக் கட்டடத்திலும் சிவப்பு வந்தது ஒரே ஒருவருக்கு. எனக்கு. கொம்பியூட்டருக்கு முன்னால் கழுத்தைக் குனிந்து உட்காருகிறேனாம். மனேஜர் பதறிப்போய், பட்டதாரிப் பிள்ளையின் கழுத்து என்று சொல்லி, அந்தக் கிழமையே சுழல் கதிரை ஒன்றுக்குச் சொல்லிவிட்டார்.

கதிரை வந்தது. என் மேசை இருப்பதும் மேல்மாடியில்தான். அப்பா அதைக் கவிழ்த்துத் தலையில் வைத்து, சில்லுகள் வானத்தைப் பார்க்க, படியேறத் தொடங்கினார். என் கழுத்துக்காக வாங்கியது அப்பாவின் கழுத்தில் ஏறி வந்தது. நான் படியின் மேலே நின்றேன். போன் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கீழே பாகை சேர் போனைத் தூக்கினார். கதிரை மூட்டையைப் போல முகத்தை மூடவில்லை. திரையில் அப்பா தெரிந்தார். கழுத்து, தோள், முழங்கால் எல்லாம் சிவப்பு.

"ஆள் இருக்கிறார், பிள்ளை," என்றார். தொலைந்த பிள்ளையைக் கண்டெடுத்தவரின் குரல் அது.

வெறும் கதிரைக்கே இப்படியென்றால் மிளகு மூட்டைக்கு எப்படியிருக்கும் என்று மனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினார். மனேஜர் வீடியோவை இரண்டு தரம் கவனமாகப் பார்த்துவிட்டு உடனே நடவடிக்கை எடுத்தார். படியில் கதிரை தூக்குவது தடை என்று அறிவித்தல் ஒட்டினார். அது இன்றைக்கும் அங்கே இருக்கிறது. அதன் கீழேதான் மூட்டைகள் போயின.

பிறகு அறிக்கையை நீட்டி, "படிக்குச் சைபர்தானே, சேர். கையெழுத்தை வையுங்கோ," என்றார்.

பாகை சேர் சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடிக்கத் தெரிந்தவருமில்லை. அறிக்கையை எடுத்துக்கொண்டு கீழே போய், ஆறு பேரிடமும் தகப்பன் பெயரோடு முழுப் பெயரையும் கேட்டார். எங்கள் கொம்பனியில் அவர்களிடம் அதை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. ஒருவருக்குத் தன் முழுப் பெயர் ஞாபகம் வரவே கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு ஆளைக் காணவில்லை என்ற ஒவ்வொரு வரிக்கும் கீழே பேனையால் எழுதினார். அப்பாவுக்கு எழுதியது இது: "ஆள் இருக்கிறார். பெருமாள் செல்லையா. வயது ஐம்பத்து நாலு. மூட்டைக்குக் கீழே." அதையே ஆங்கிலத்திலும் எழுதினார். ஆறாவது பெயரோடு ஒட்டியபடி தன் கையெழுத்தை வைத்தார். கையெழுத்து வேண்டுமென்றால் பெயர்களையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும். தீக்குச்சி மனிதர்களைப் பார்த்துப் பூரிக்கிறவருக்குள் இவ்வளவு சூது இருக்குமென்று நான் எதிர்பார்க்கவில்லை.

மனேஜர் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அறிக்கை அனுப்பக் கடைசி நாள் அன்றைக்குத்தான். என்னைப் பார்த்தார். நான் வாங்கி உடனே ஸ்கேன் பண்ணி அனுப்பினேன், கழுத்தை நன்றாகக் குனிந்தபடி.

வாங்குகிறவர்கள் திருப்பிக் கேட்டது ஒரே ஒரு கேள்வி: மூட்டைக்குக் கீழே இருக்கிற இந்த ஆறு பேருக்கு எப்போது லிஃப்ட்? இல்லாவிட்டால் மிளகு வாங்கமாட்டோம் என்றதும் லிஃப்ட் வந்தது. அடுத்த வருட அறிக்கைக்குப் பாகை சேரைக் கூப்பிடவில்லை. அடக்கமான நிறங்கள் காட்டுகிற வேறொருவர் கிடைத்துவிட்டார்.

லிஃப்ட் பொருத்திய நாளன்று, அப்பா அதன் பட்டனை அமத்துவதை வீடியோ எடுத்துப் பாகை சேருக்கு அனுப்பினேன். நன்றி என்று நீளமாக எழுதியிருந்தேன். பதில் உடனே வந்தது. என் நன்றியை அவர் வாசித்ததாகத் தெரியவில்லை.

"வலது தோள் உயருது. பட்டனை ஒரு சாண் இறக்கச் சொல்லுங்கோ."

அப்பாவிடம் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பட்டனை இறக்க மேசனைக் கூப்பிடப் போய்விட்டார். எங்கள் லிஃப்டின் பட்டன் இன்றைக்கும் ஒரு சாண் கீழேதான் இருக்கிறது.