கீரிப்பிள்ளையைத் திட்டுவதற்கு ஓர் ஆள்

தாம்பரத்துக்கும் கேளம்பாக்கத்துக்கும் நடுவில், அவர் குரலைக் கேட்டு ஒரு முறையாவது இரண்டடி உள்ளே நகராத உயிர் கிடையாது. முப்பது வருடம் அந்தத் தடத்தில் டவுன் பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்றதும் எங்கள் காட்டுயிர்க் காப்பகத்துக்குத் தன்னார்வலராக வந்து சேர்ந்தார். வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

காப்பகம் முடிச்சூர் தாண்டி, ஒரு மனைப்பிரிவின் கடைசியில், ஏரியை ஒட்டி இருக்கிறது. ஒரு டாக்டரம்மா, ஆறு கொட்டகை. மற்றதெல்லாம் ஊர்க்காரர்கள் தருவது: மீன் மார்க்கெட்டிலிருந்து தலையும் வாலும், அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து பழைய செய்தித்தாள், கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய பப்பாளி. நான் மறைமலை நகரில் உதிரிபாகங்களைப் பரிசோதிக்கும் இன்ஜினியர். ஓய்வு நேரத்தில் அங்கே போய்க் குட்டிகளுக்குப் பால் புகட்டுவேன், பதிவேடு எழுதுவேன்.

சுவரில் மூன்று விதிகள் ஒட்டியிருக்கும். ஒன்று, கூண்டு முன்னால் பேசக் கூடாது. இரண்டு, கண்ணைப் பார்க்கக் கூடாது. மூன்று, பெயர் வைக்கக் கூடாது. மனிதரிடம் பழகிய விலங்கைத் திரும்ப வெளியே விட முடியாது என்பதுதான் மூன்றுக்கும் காரணம்.

வந்த பத்தாவது நிமிடம் கண்டக்டர் மூன்றையும் மீறினார். மாஞ்சா நூலில் இறக்கை கிழிந்த கொக்கு ஒன்றை நேருக்கு நேர் பார்த்து, "இன்னா ராஜா, வழிய அடைச்சிகினு நிக்கிற? உள்ளதான் அவ்ளோ எடம் கீதே, போயேன்!" என்றார்.

விளைவுகளைப் பதிவு செய்தேன். கொக்கு காலையில் தின்ற மீனைக் கக்கியது. ஆமை தலையை இழுத்துக்கொண்டது, மறுநாள்தான் நீட்டியது. பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனார்கள் இரண்டு பேர் சாரத்தில் உட்பக்கமாக நகர்ந்து நின்றார்கள்.

டாக்டரம்மா அவரை அன்றே சமையலறைக்கு மாற்றினார். "சார், நீங்க பழம் நறுக்குங்க. பழத்துக்குக் காது கெடையாது."

"மெதுவாதானேம்மா பேசினேன்?" என்றார் கண்டக்டர், உண்மையான வருத்தத்துடன்.

நான்கு மாதம் பப்பாளி நறுக்கினார். அப்போதுதான் கீரிப்பிள்ளைப் பிரச்சினை வந்தது.

கண் திறக்காத குட்டியாக ஒரு மழைநீர்க் குழாயிலிருந்து எடுத்து வந்தது. ஊசியில்லாத சிரிஞ்சில் பால் கொடுத்து வளர்த்தது நான். விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடித்தேன், கீரி கடைப்பிடிக்கவில்லை. மனிதக் கால் எதைப் பார்த்தாலும் ஏறியது. பதிவேட்டில் 'மனிதரைக் கண்டதும்' என்ற கட்டத்தில் மூன்று வாரமாக ஒரே பதிவு: ஓடவில்லை, மடியில் ஏறியது.

"படம் வரையுற பிரஷ் செய்ய கீரி முடி கேக்குறவன் இன்னும் இருக்கான்," என்றார் டாக்டரம்மா. "அவன் கையை நீட்டினா இது ஓடிப்போய் ஏறிக்கும். யாரைப் பாத்தாலும் ஏழு நாள் தொடர்ந்து ஓடணும். இல்லேன்னா ஆயுசுக்கும் கூண்டுதான். அந்தக் குரலைக் கூப்பிடுங்க."

கண்டக்டர் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும், "அது இன்னா தப்பு பண்ணிச்சு?" என்றார்.

"தப்பு ஒண்ணும் இல்ல சார். சும்மா திட்டுங்க," என்றேன்.

"சும்மா எப்டிம்மா திட்றது? என் சர்வீஸ்ல ஒருத்தனையும் காரணமில்லாம திட்னதில்ல."

கூண்டு முன் ஸ்டூல் போட்டு அரை மணி நேரம் குற்றம் தேடினார். கடைசியில் கீரி கூண்டு வாசலின் விளிம்பில் முன்கால்களை வைத்து வெளியே எட்டிப் பார்த்தது. அவர் முகம் மலர்ந்தது.

"டேய்! படியில தொங்காதே! எத்தினி வாட்டி சொல்றது? உள்ள ஏறு!"

கையிலிருந்த எவர்சில்வர் தட்டையும் ஒரு தட்டு தட்டினார். கீரி பறந்தது. நேராக என் துப்பட்டாவுக்குள்.

பத்து நாள் கழித்துக் கணக்கு பார்த்தேன். கண்டக்டரிடமிருந்து பத்துக்குப் பத்து முறை ஓடியது. மற்றவர்களிடமிருந்து ஒரு முறைகூட இல்லை. மனிதர்கள் ஆபத்து என்று அது முடிவு கட்டவில்லை. ஒரே ஒரு மனிதர் ஆபத்து, மீதிப் பேர் அடைக்கலம் என்று முடிவு கட்டியிருந்தது.

ஆக, எல்லோரும் திட்டியாக வேண்டும். கண்டக்டர் வகுப்பு எடுத்தார். கல்லூரிப் பேராசிரியை ஒருவர் திட்டத் தொடங்கி மன்னிப்புக் கேட்டு முடித்தார். என் முறை வந்தபோது, "தயவுசெய்து தள்ளிப் போ," என்றேன்.

"இன்னாம்மா, லீவ் லெட்டர் எழுதிகினு இருக்கிற?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கீரி என் முழங்கால்வரை ஏறிவிட்டது.

அவர் பக்கத்தில் வந்தார். "பாப்பா, வெளிய எவனோ ஒருத்தன் கையை நீட்டுறான். இது, நீதான்னு நெனச்சிகினு அவங்கிட்ட போவுது. நீ தூரத்துல நின்னு பாத்துகினு கீற. இப்ப சொல்லு."

அதற்கு முன் நான் அப்படிக் கத்தியதில்லை. என்ன சொன்னேன் என்றும் நினைவில்லை. கீரி குதித்து மரக்கட்டைக்குப் பின்னால் போய் நின்று என்னைப் பார்த்தது. 'ஓடியது' என்று எழுதினேன். அந்த வரி மட்டும் கொஞ்சம் கோணலாக இருக்கும்.

கீரி எல்லோரிடமிருந்தும் ஏழு நாள் தொடர்ந்து ஓடியது. வனத்துறை அனுமதி வாங்கி, ஒரு காலையில் புதர்க்காட்டின் ஓரத்தில் பெட்டியைத் திறந்தோம். வெளியே வந்தது, எங்களைப் பார்த்தது, போய்விட்டது.

"திரும்பிப் பாத்துச்சா?" என்றார் கண்டக்டர்.

"இல்ல சார்."

"பாஸாயிடுச்சு," என்றார். கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தார்.

திரும்பும்போது வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் தாம்பரம் மேம்பாலம்வரை ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பையும் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு கேட்டார்: "அது நம்மள மோசமானவங்கன்னுதானே நெனச்சிக்கும்?"

"ஆமா சார். என்னையும்தான்."

"நல்லது. அப்டியே நெனச்சிக்கட்டும்," என்றவர், ஸ்டேஷன் எதிரே வண்டியை நிறுத்தச் சொல்லி எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அவர் எதுவும் குடிக்கவில்லை. நான் குடித்து முடிக்கும்வரை வெயில் என்மேல் படாதபடி மறைத்து நின்றுகொண்டிருந்தார்.

இப்போது தன்னார்வலர்களுக்கு ஷிப்ட் போடுவது நான்தான். யார் யாரோடு என்பதற்கு வீட்டுத் தூரம், அனுபவம், வண்டி வசதி என்று நிறைய விதிகள் வைத்திருக்கிறேன். அந்த விதிகளைப் பார்ப்பதற்கு முன்பே, என் பெயரையும் கண்டக்டர் பெயரையும் ஒரே வரியில் எழுதிவிடுகிறேன்.