ஆற்றில் விட்ட பிள்ளையும் சி.டி. மாமாவும்

தான் முழுசாகப் பார்க்காத படத்தின் பாட்டை ஊரையே மனப்பாடம் செய்யவைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் சிதம்பரத்தில் எங்கள் தெருமுனையில் சி.டி. வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் சி.டி. மாமா.

2006 வாக்கில் அவர் கடைக்கு ஒரு இங்கிலீஷ் கார்ட்டூன் வந்தது. ஆரம்பத்திலேயே ஒரு தாய் கைக்குழந்தையைக் கூடையில் வைத்து, பாடிக்கொண்டே ஆற்றில் விடுகிறாள். மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆறு, கூடை, அழுகிற அம்மா. போதாதா? கடையே கதியென்று கிடந்த என்னிடம் சொன்னார்.

"நம்ம கர்ணன் கதை மாப்ள! வெள்ளக்காரன் சுட்டுட்டான்!"

உறைமேல் ஸ்கெட்ச் பேனாவால் 'ஆத்துல வுட்ட புள்ள' என்று எழுதினார். சண்டைப்படம் கேட்டு வந்தவரையும் ஸ்டூலில் உட்காரவைத்து அந்தத் தாலாட்டைப் போட்டுக்காட்டித்தான் அனுப்புவார். மெட்டு அந்த அம்மாவுடையது, வார்த்தை மாமாவுடையது. "போய்யா கர்ணா, பொழச்சிப் போ..." குரல் என்னவோ ரிவர்ஸ் எடுக்கிற டவுன் பஸ்தான். ஆனால் கண் நிஜமாகவே கலங்கும். பாட்டு முடிந்ததும் ரிமோட்டை அமுக்கிவிடுவார்.

காட்டுமன்னார்கோயில்காரர் ஒருவர் எடுத்துப்போய் மறுநாளே சண்டைக்கு வந்தார்.

"என்னாங்க, கர்ணன்னீங்க? கடலு ரெண்டா பொளக்குது!"

"பாரதச் சண்டன்னா சும்மாவா? எடம் வேணாமா? அதான் கடல ஒதுக்குறான்!"

அவர் போனதும் கேட்டேன். "நீங்க பாத்தீங்களா மாமா?"

"எதுக்குப் பாக்கணும்? கூத்துல பாத்து அழுதது போதாதா? செத்தப்பறந்தான் பெத்தவ மடியில படுக்கறான். அத இங்கிலீஷ்ல வேற பாக்கணுமா?"

அப்புறம் ஒருநாள் கடலூரிலிருந்து ஸ்டெல்லா டீச்சர் வந்தார். சர்ச்சில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர அந்தப் படத்துப் பாட்டுகள் வேண்டுமாம். மாமா பரவசமாகிப் பாடியே காட்டிவிட்டார். டீச்சர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நல்லாத்தான் பாடறீங்க. ஆனா இது கர்ணன் இல்லீங்க. மோசே. எங்க பைபிள்ல வர்றவரு."

"கூடையில வச்சி ஆத்துல வுட்டாங்களா இல்லியா?"

"விட்டாங்க."

"அப்ப கர்ணந்தான்!"

அடுத்த பஸ்ஸுக்கே டீச்சர் கிளம்பிவிடுவார் என்று பயந்தேன். அவரோ ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"கதையக் கேளுங்க. கூடை பின்னாலயே கொழந்தயோட அக்கா கரையோரமா போறா. ராஜா பொண்ணு கூடைய எடுத்துடறா. பால் குடுக்க ஆள் வேணுமில்ல? இந்த அக்கா ஓடிப்போயி பெத்த அம்மாவையே கூட்டியாந்துடறா."

மாமா வாயைத் திறந்தபடி நின்றார். "அவதான் அம்மான்னு யாருக்கும் தெரியாமயா?"

"தெரியாமதான். அரமனையில சம்பளம் வேற குடுத்தாங்க!"

"அடி சக்க! அப்ப புள்ள கெடச்சிட்டானா!"

பட்டப்பகலில் பாதி ஷட்டரை இழுத்துவிட்டார். எங்கள் இருவரையும் உட்காரவைத்து முதல்முறையாகப் படத்தைத் தொடர்ந்து ஓடவிட்டார். ஒவ்வொரு பாட்டுக்கும் டீச்சர் அர்த்தம் சொல்ல, மாமா தலையாட்டிக்கொண்டே இருந்தார். கடல் பிளந்தபோது எழுந்து கைதட்டினார். வெளியே யாரோ ஷட்டரைத் தட்டினார்கள்.

"அப்பறம் வாங்க! அவுங்க இன்னும் கரையேறல!"

ஜனங்கள் எப்படிக் கரையேறினார்கள் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. நான் மாமாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.