நான்காம் ஏரியின் குணப்பத்திரம்

ஏழு ஏரிகளும் ஓர் அரசரும் கொண்டது ஏழேரி நாடு. ஏரிகள் மழையை நம்பி இருந்தன. அரசர் தம்மை மட்டும் நம்பி இருந்தார்.

ஒருநாள் குணநூல் அமைச்சர் விழுப்பரையர் சபையில் எழுந்து, பன்னிரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து கண்ட உண்மையை வெளியிட்டார். ஊக்கமும் பொறுப்பும் உள்ளவர்கள் பதவியில் உயர்கிறார்கள், நோயின்றி நெடுநாள் வாழ்கிறார்கள். சோம்பலும் சிடுசிடுப்பும் உள்ளவர்கள் சீக்கிரம் நோயில் படுக்கிறார்கள், சீக்கிரம் போகிறார்கள்.

"அப்படியானால் யார் என்ன ஆவார் என்பது நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுமா?" என்றார் அரசர்.

"தெரிந்துவிடும், மன்னா. தெரிந்த பிறகும் அது நடக்கும்வரை காத்திருப்பது அரசுக்கு அழகல்ல."

ஆகவே வீட்டுக்கு வீடு குணப்பத்திரம் எழுதப் பதிவாளர்கள் அனுப்பப்பட்டார்கள். கேள்விகள் ஐந்து. பதில்கள் மூன்று: மிக நன்று, சுமார், இல்லை. வீட்டிலுள்ள எல்லோருக்கும் வீட்டுத் தலைவரே பதில் சொல்ல வேண்டும்.

அந்நாட்டு மரியாதையுள்ளவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. தங்களையோ தங்கள் பிள்ளைகளையோ தங்கள் வாயால் புகழ மாட்டார்கள். கண் பட்டுவிடும் என்பது ஒரு காரணம். அது கீழ்மை என்பது பெரிய காரணம். "உங்கள் பையன் கெட்டிக்காரனாமே" என்றால் "அவனா, சுத்த மக்கு" என்பார்கள். கேட்பவர் அதைத் திருப்பிப் புரிந்துகொள்வார். பத்திரத்துக்கு அப்படிப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை.

நான்காம் ஏரியின் மதகுச் சாவி நான்கு தலைமுறையாக நல்லாறனார் வீட்டில் இருந்தது. இப்போது மதகைப் பார்த்துக்கொண்டவள் அவர் மகள் வடிவாள். மழை பிடித்தால் மதகுச் சுவரில் காதை வைத்து, தண்ணீரின் இரைச்சலைக் கொண்டே எத்தனை பலகை தூக்குவது என்று முடிவு செய்வாள். பதினோரு ஆண்டுகளில் கரை ஒருமுறைகூட உடைந்ததில்லை.

பதிவாளர் வாசலில் வந்து நின்றார்.

"உங்க பொண்ணுக்கு ஊக்கம் உண்டா, பெரியவரே?"

"அவளுக்கா? உச்சி வெயில் வர்றவரைக்கும் தூங்குவா, ஐயா."

"பொறுப்பு?"

"நல்லா கேட்டீங்க! சாவிய எங்க வெச்சான்னு அவளுக்கே தெரியாது."

விடியற்காலையில் மதகுக்குப் போய்விட்டு முழங்கால் சேற்றோடு திரும்பியிருந்த வடிவாள் உள்ளே சிரித்துக்கொண்டாள். அப்பா தன்னை இவ்வளவு தூரம் புகழ்ந்து அவள் கேட்டதில்லை.

எதிர்வீட்டுக் கொற்றனுக்கு இந்த வழக்கமெல்லாம் கிடையாது. "தூக்கத்துலகூட வேலை பாக்குற ஆளுய்யா நான். அந்த 'மிக நன்று'க்கு மேல ஒரு கட்டம் இல்லையா?" என்று கேட்டான். பதிவாளர் வருத்தத்தோடு இல்லை என்றார்.

முதல் ஆணை வந்தது. பதவிகள் பத்திரப்படி வழங்கப்படும். சாவி தெருவைக் கடந்து கொற்றன் வீட்டுக்குப் போனது. இரண்டாம் ஆணைப்படி, நெடுநாள் வாழப்போகிறவர்களுக்கு மட்டுமே மருந்து. எப்படியும் போகப்போகிறவர்களுக்குக் கொடுப்பது மருந்துக்கு அவமரியாதை. மூன்றாம் ஆணை 'மிக நன்று' பெற்றவர்களை மேட்டு நிலத்தில் குடியேற்றியது. ஓராண்டு கழிந்தது. சோம்பேறிகள் என்று எழுதப்பட்டவர்களில் பலர் சொன்னபடியே நோயில் விழுந்து இறந்தார்கள். கணிப்பு பலித்ததாக அமைச்சர் அறிவித்தார். சபை எழுந்து நின்று கைதட்டியது.

ஐப்பசி நெருங்கியது.

"அப்பா, மதகுல ரெண்டு பலகை இத்துப் போயிருக்கு. கொற்றனுக்கு அது தெரியாது. சொன்னா, உன் பத்திரத்தப் பாருன்னு சிரிக்கிறான். நீங்க தலைநகருக்குப் போய் என்னப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க."

"என் வாயாலயா?"

"வேற யாரு சொன்னா எடுத்துப்பாங்க?"

"நாலு தலைமுறையா நம்ம வீட்டுல யாரும் அந்தக் காரியம் பண்ணதில்லம்மா."

"நாலு தலைமுறையா ஊரு மூழ்குனதும் இல்லப்பா."

நல்லாறனார் போனார். நிறைந்த சபையில் நிமிர்ந்து நின்றவர், சொல்லும்போது மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டார். "மதகு பாக்க என் மகளப்போல இந்த நாட்டுலயே ஆள் கிடையாது."

மானமுள்ளவர்களுக்கு அது என்ன விலை என்பது தெரியும்.

விழுப்பரையர் கனிவோடு புன்னகைத்தார். "குணம் மாறாது, பெரியவரே. மாறுமென்றால் என் பன்னிரண்டு ஆண்டுகள் என்னாவது? போன ஆண்டு ஒன்று சொன்னீர், இப்போது வேறொன்று சொல்கிறீர். உமக்கு நிலையில்லாத குணம் என்று சேர்த்து எழுதிக்கொள்கிறோம்."

மழை வந்தது. கொற்றன் தூக்கத்தில் வேலை பார்த்தான். கரை உடைந்து முப்பத்தொரு வீடுகளும் ஆறு உயிர்களும் போயின. செத்தவர்களில் ஒருவர்கூட 'மிக நன்று' இல்லை என்று அமைச்சர் சபைக்குச் சுட்டிக்காட்டினார். அவர்கள் மேட்டில் இருந்தார்கள் என்பதை யாரும் சுட்டிக்காட்டவில்லை. வெள்ளத்தில் தப்பிய அனுபவத்துக்காகக் கொற்றன் தலைநகரில் வெள்ள ஆலோசகர் ஆனான்.

மிஞ்சியவர்களுக்குப் புதிய பத்திரம் எழுதப் பதிவாளர் வந்தார். ஊரில் அடக்கமாகப் பேச இனி ஒருவரும் இல்லை. எல்லா வீட்டிலும் ஐந்துக்கு ஐந்தும் 'மிக நன்று'. நல்லாறனாரும் அதையே சொன்னார், தலையைத் தூக்காமல்.

பத்திரங்களைப் பார்த்த விழுப்பரையருக்குக் கண்கள் பனித்தன. "மன்னா, குணம் மாறாது என்று நான் சொன்னது வெள்ளம் வராத நாட்களுக்கு. ஒரே வெள்ளத்தில் ஓர் ஊரே உயர்ந்துவிட்டது!"

"மற்ற ஊர்கள் என்ன பாவம் செய்தன?" என்றார் அரசர்.

ஆணை பிறந்தது. ஆண்டுதோறும் முதல் கனமழையில், குடிகளின் குணம் உயரும்பொருட்டு, ஏரி மதகுகளை முழுவதும் திறந்து ஊர்களை மூழ்கடிக்க வேண்டும். இந்தப் பொறுப்பு உயர்ந்த குணமுள்ளவர்களுக்கே தரப்படும். நான்காம் ஏரிச் சாவி மேளதாளத்தோடு வடிவாளிடம் திரும்பி வந்தது.

நல்லாறனார் சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு கூட வந்த ஓலையைப் படித்தார்.

"அரசாணைய மீறுன பேரு நம்ம குடும்பத்துக்கு வரக்கூடாதும்மா."

"வராதுப்பா. அவங்களுக்கு வேண்டியது ஊரு மூழ்குறது இல்ல. மூழ்குச்சுன்னு ஒரு எழுத்து."

மழை பிடித்தது. வடிவாள் ஊரோடு சேர்ந்து உடைந்த கரையை அடைத்து, இற்றுப்போன பலகைகளையும் மாற்றியிருந்தாள். சுவரில் காதை வைத்து, ஒன்று ஒன்றாகத் தூக்கி, தண்ணீரை ஆற்றுக்கு அனுப்பினாள். மழை விட்டதும் எழுதினாள்: "ஆணைப்படி ஊர் மூழ்கியது. மூழ்கிய விதம்: மிக நன்று." வீட்டுத் தலைவரின் சான்று வேண்டியிருந்தது. நல்லாறனார் ஓலையை இரண்டு முறை படித்தார். வெள்ளம் ஏறாத தெருவில் நிமிர்ந்து நின்று கையெழுத்திட்டார்.

அந்த ஆண்டு, நாட்டிலேயே மிகச் சிறப்பாக மூழ்கிய ஊருக்கான முதல் பரிசு நான்காம் ஏரிக்குக் கிடைத்தது. ஆணையை ஓர் எழுத்தும் விடாமல் நிறைவேற்றிய ஐந்தாம் ஏரிக்கு இரண்டாம் பரிசு. அதை வாங்கிக்கொள்ள அங்கிருந்து யாரும் வரவில்லை.